செல்லுக்கு அருவி ஆகாது!

சீசனுக்குக் குற்றாலம் கிளம்பியாச்சா பாஸ்? மெயினருவியில தலையைக் கொடுத்தா நமக்குச் சுகம். ஆனா, மருந்துக்காக வளர்க்கிற விலங்கு செல் அந்த அடியைத் தாங்காது. அதுக்குச் செல் சுவரே கிடையாது. பக்கத்துல காற்றுக் குமிழி வெடிச்சாலே காலி. அதுக்காக, காற்று இல்லாமலும் வாழாது. 37 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணியில கரையிற ஆக்சிஜனே 7 மில்லிகிராமுக்குள்ளதான்!

அதான் 15 மில்லி மினி பயோரியாக்டர்ல ஒத்திகை. அடியில ஒட்டின சாயப் பொட்டு ஒளி பட்டா மின்னும். ஆக்சிஜன் கூடினா மங்கும். பிஎச்சுக்குத் தனிப் பொட்டு. கம்ப்யூட்டர் அதைப் படிச்சு வாயுவைக் கூட்டும், குறைக்கும். அருவியில தண்ணி ஏறினதும் போலீஸ் விசிலடிக்குமே, அப்படி, ராத்திரி பகலா! இங்கே ஏமாந்தா அப்புறம் 2,000 லிட்டர் தொட்டியே குப்பைக்குத்தான்.

தென்காசிப் பக்கம் பயோடெக் படிக்கிற மக்களே... லேப்ல பிஎச் மீட்டரை காலிபரேட் பண்ணாம ரீடிங் எழுதுறீங்களே, அந்த விசில்தான் அது!