பெயர் அறிந்த நிலம்

நுழையும்முன்

மலைக்காட்டில் நடப்போர் ஒவ்வொரு செடியையும் நின்று நோக்குகின்றனர். கடலோரச் சேற்றுநிலத்தையோ விரைந்து கடந்துவிடுகின்றனர். நடந்தும் பெயரறிந்தும் ஒரு நிலத்தை உணர்வதன் தேவையைப் பழவேற்காடு ஏரியை முன்வைத்து இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மேற்குத்தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் நடப்போர் மரப்பெரணியைக் கண்டதும் வியந்து நிற்பர். பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே புவியில் வேரூன்றிய பெரணிக் குலத்தைச் சேர்ந்தது அது. பூவும் விதையும் இன்றி, இலையின் அடிப்புறத்தில் உருவாகும் நுண்வித்துகளால் பெருகுவது. ஓடைக்கரையில் குடைபோல் இலைவிரித்து நிற்கும் அதனைக் காண நெடுந்தொலைவு நடப்பதை வீண் என்று எவரும் கூறார். அத்தகைய ஆர்வம் நம் கடற்கரை நிலங்களுக்கும் கிட்டவேண்டும் என்பதே என் கருத்து.

கரையில் காண்பவை

சென்னைக்கு வடக்கே, தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இங்கு வருவோரிற் பலர் 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களையும் கல்லறைகளையும் பார்த்துவிட்டுப் படகேறுகின்றனர். கரையில் மெல்ல நடப்போர் சிலரே.

நடப்போருக்கு மணல்மேடே முதற்பாடம் கற்பிக்கிறது. ஆட்டுக்குளம்புபோல் பிளந்த இலையுடைய அடும்பு, தன் கொடிகளால் மணலைப் பிணித்து வைக்கிறது. உப்புச்சேற்றில் உமரி தழைக்கிறது. அலையாத்தி மரங்களுள் ஒன்றான வெண்கண்டல், சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டுகிறது. மிகுதியான உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. அடும்பும் கண்டலும் நெய்தல் திணைப் பாடல்களில் நாம் படித்த பெயர்களே. ஏட்டில் அறிந்த செடியை நிலத்தில் அறியாதிருத்தல் கல்விக்குக் குறைவே அன்றோ?

குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி இரை கொள்கின்றன. பாசியிலும் நுண்ணிய நீருயிர்களிலும் உள்ள நிறமிகளே அவற்றின் இறகுக்குச் செம்மை தருகின்றன. பறவையின் நிறத்துக்கு மூலம் அது உண்ணும் உணவே. படகு நெருங்கினால் அவை இரையை விட்டுப் பறந்தெழும். தொலைவில் அமைதியாக நிற்போருக்கே நெடுநேரம் காட்சி தரும்.

முகத்துவாரமும் வாழ்வும்

இக்கரையை நன்கறிந்தோர் மீனவ மக்கள். நீரின் நிறம், காற்றின் திசை, சேற்றின் ஆழம் ஆகியவற்றைக் காலாலும் கையாலும் கற்றவர்கள். சேற்றுநீரில் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மகளிரின் அறிவும் அத்தகையதே. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் வழக்கமும் இங்கு உண்டு. எந்த இடத்தில் எப்போது மீன் கிட்டும் என்ற நுட்பமான அறிவின்றி அவ்வழக்கம் நிலைத்திருக்க இயலாது.

ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரமே இவ்வாழ்வின் உயிர்நாடி. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் இளங்குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மணல்திட்டு அவ்வழியை அடைத்தால் இறாலின் வரவு குன்றும், கோடையில் நீர் வற்றி உப்பு மிகும், வலையும் வெறுமையாகும். கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றுவது ஒரு குடும்பத்தின் உணவையே தடுத்துவிடுகிறது.

'செடியின் பெயரும் பறவையின் பெயரும் தெரிந்தால் முகத்துவாரம் திறந்துவிடுமா?' எனச் சிலர் வினவலாம். திறக்காது, அதற்கு அரசின் திட்டமும் பொருளும் வேண்டும். எனினும், அறியப்படாத நிலத்துக்காக எவரும் குரல் கொடுப்பதில்லை. சதுப்புநிலத்தைப் 'பயனற்ற நிலம்' என்று எழுதுவது எளிது. அங்கே வெண்கண்டலும் உமரியும் இறால்குஞ்சும் வாழ்வதை அறிந்த ஒருவர், அச்சொல்லை மறுக்காமல் இரார். தெற்கே எண்ணூர்க் கடற்கரையில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் எழுந்துவிட்ட இக்காலத்தில் அத்தகைய அறிவுடையோர் மிகுதியாகத் தேவைப்படுகின்றனர்.

நாம் செய்யத்தக்கது

பள்ளிகள் ஆண்டுக்கொருமுறை மாணவரைக் கடலோர, ஏரிக்கரை நடைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அவ்வூர் மீனவரும் மீனவப் பெண்களும் அந்நாளின் ஆசிரியர்களாக விளங்கவேண்டும். அவர்தம் உழைப்புக்கு உரிய ஊதியமும் வழங்கப்படவேண்டும். பறவைகளுக்கு இடையூறு செய்யாத தொலைவும், நெகிழிப் பொருளை விட்டுவராத ஒழுக்கமும் நடையின் விதிகளாதல் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊரில் ஏரியோ கழியோ குளமோ இருக்கும். அதன் கரையில் ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கு வாழும் பத்து உயிர்களின் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்நீர்நிலைக்கு ஊறு நேரும் நாளில், எதனை இழக்கிறோம் என்று எடுத்துச் சொல்ல அக்குறிப்பேடு உங்களுக்குத் துணைநிற்கும்.