வெண்டிக்கு எதிரி குளிரா, கலண்டரா?

"இந்த நாட்டுக்கு வெண்டி சரிவராது." ரொறன்ரோவில் இந்த வசனம் காதில் விழாமல் ஒரு கோடையும் போகாது. தக்காளி வைப்பவர், கத்தரி வைப்பவர், பாகலுக்குப் பந்தல் போடுபவர் எல்லோரும் வெண்டி என்றதும் கையை விரித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இதில் பாதிப் பழி கலண்டருக்குத்தான் சேரவேண்டும்.

மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வந்ததும் இங்கே எல்லாவற்றையும் ஒரேயடியாக நடுவார்கள். தக்காளி தாக்குப்பிடிக்கும். வெண்டி பருத்தி, செவ்வரத்தைக் குடும்பத்துப் பிள்ளை. அதற்குச் சூடான மண் வேண்டும். மண் 16 பாகை செல்சியசுக்குக் கீழே கிடந்தால் விதை முளைக்காமல் அழுகும். 25 பாகைக்கு மேல் போனால் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். வெளியே 22 பாகை என்று போன் சொல்லலாம். ஆனால் விதை இருப்பது மண்ணுக்குள், போனுக்குள் இல்லையே ஐயா!

செய்யவேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மே முதல் வாரத்தில் வீட்டுக்குள்ளே, விதைக்கு ஒரு பேப்பர் கப் என்று போடுங்கள். ஆணிவேர்ப் பயிர் என்பதால் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். கப்போடு சேர்த்துப் புதையுங்கள். ஜூன் இரண்டாம் வாரத்துக்கு முன் வெளியே கொண்டுபோக வேண்டாம். மண்மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் இன்னும் சூடாகும்.

அடுத்தது விதை. ஊரிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த விதைதான் உசத்தி என்று ஒரு கூட்டம் சொல்லும். சட்டப் பிரச்சினை ஒருபக்கம் இருக்கட்டும். வெண்டியில் பல இனங்கள் பகல் குறுகினால்தான் விரைவாகப் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஜூன் மாதத்துப் பகல் 13 மணிநேரத்தைத் தொடாது; ரொறன்ரோவில் 15 மணிநேரத்தைத் தாண்டும். அப்படியான இனம் இங்கே இலையும் தண்டுமாக ஆளுயரம் வளர்ந்துவிட்டு, குளிர் வரும் நேரத்தில் மொட்டு வைக்கும். 1939இல் அகில அமெரிக்கத் தெரிவு விருது பெற்ற கிளெம்சன் ஸ்பைன்லெஸ், 1997இல் பெற்ற கேஜன் டிலைட் மாதிரி இனங்கள் இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். எங்கள் கோடைக்கு அது காணும்.

"கடையில் கிடைக்குதுதானே, ஏன் இந்தப் பாடு?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்கிறார்கள். பனிக்காலத்தில் அந்தக் காய் ஹொண்டுராஸ், மெக்சிக்கோ என்று தூரத்திலிருந்து வருகிறது. 7 பாகைக்குக் கீழே வைத்தால் வெண்டி குளிரில் அடிபட்டுக் கறுக்கும். உங்கள் வீட்டு பிரிட்ஜ் 4 பாகை. முற்றிய, கறுத்த காயை மூடிபோட்டு அவித்துவிட்டு "வழுவழு என்று இருக்கு" என்று முகம் சுளித்தால் காய் என்ன செய்யும்? பூத்து 5 நாளில் பறித்த பிஞ்சை, ஈரம் துடைத்து வெட்டி, அகலச் சட்டியில் மூடாமல் வதக்கிப் புளி விட்டுப் பாருங்கள். புளிப்பு அந்த வழுவழுப்பைக் குறைக்கும். மிஞ்சியதை 3 நிமிடம் கொதிநீரில் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து பிரீசரில் வைத்தால் பனிக்காலத்துக்கும் ஆச்சு.

இவ்வளவு கோபம் ஒரு கறிக்காகவா என்று கேட்பீர்கள். கறிக்காக இல்லை. ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் ஊரில் தோட்டம் செய்த எத்தனையோ அம்மம்மாக்களும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். ஒரு வருடம் விதை அழுகியதும் "என்ர கைராசி போச்சு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவை மூன்று வாரத் திகதிப் பிழை தோற்கடித்துவிடுகிறது. அவர்களுக்கு நிலம் தெரியும். இந்த ஊரின் சூடும் பகலும்தான் தெரியாது. விதைப் பைக்கற்றில் இருக்கும் ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் அதை வாசித்துச் சொல்லாமல், "விடுங்கோ அம்மம்மா, இஞ்ச வராது" என்கிறார்கள். உதவி கேட்டவரிடம் சொல்லும் பதிலா இது?

மண்ணில் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். மண் 18 பாகை தாண்டியதும் அவர்களைக் கூப்பிடுங்கள். மிச்சத்தை அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

திட்ட விரும்புபவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் எந்தத் திகதியில் விதை போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் :-)