கேக்கை வெட்டுங்க, கழுத்தை வெட்டாதீங்க!

மக்களே, ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கிற நேரத்துல ஒரு பொலம்பல். திட்டுறதா இருந்தா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

நம்ம ஊரு அனுமந்தை. ஈசிஆர்ல மரக்காணம் தாண்டி புதுச்சேரி போற வழி. உப்பளமும் கடலும்தான் இந்தப் பக்கத்துப் பொழப்பு. இங்கயும் இப்ப வருஷா வருஷம் குழந்தைக்குப் பிறந்தநாள் விழா வந்தாச்சு. மண்டபம், ஃப்ளெக்ஸ், அடுக்கு கேக், பலூன் வளைவு, போகும்போது ரிட்டர்ன் கிஃப்ட் வேற.

"ஏழைங்களுக்கு எதுக்கு ஆடம்பரம்"னு அறிவுரை சொல்லப் போறேன்னு நினைச்சா, சாரி. நான் திட்டப் போறது நம்ம கோஷ்டியை. மாசம் பொறந்தா சம்பளம் வாங்குற, பொட்டி தட்டுற கோஷ்டி. சென்னையில பாத்த விழாவை அப்படியே ஊருக்குத் தூக்கிட்டு வந்து, தெருவுக்கே ரேட் ஃபிக்ஸ் பண்றது நாமதான்.

"ஏன், அந்தக் காலத்துல காதுகுத்துக்குக் கடன் வாங்கலையா?"ன்னு கேப்பீங்க. வாங்கினாங்க. ஆனா காதுகுத்து ஒரு புள்ளைக்கு ஒரே ஒரு தடவை. கையில காசு பொழங்குற மாசமாப் பாத்து தேதி வெச்சுக்கலாம். ரெண்டு மூணு புள்ளைங்களுக்குச் சேர்த்தே குத்திடலாம். மொய் நோட்டு வேற இருக்கு, போட்டவங்க காசு திரும்பி வரும். பிறந்தநாள் அப்படி இல்ல சாமி. வருஷா வருஷம் வரும், தேதி நகராது, மொய்யும் கிடையாது. வர்றது எல்லாம் ரெண்டே நாள்ல உடையுற பிளாஸ்டிக் கார்.

உப்புங்கறது வெயிலை நம்பின தொழில். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. பாத்தியில மழைத்தண்ணி நின்னா உப்பு ஏது, கூலி ஏது? இதுக்காகத்தான் 2022ல தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமா 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பிச்சது. விசைப்படகுல போறவங்களுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். இப்ப சொல்லுங்க, நவம்பர்ல பொறந்த உப்பளத்துப் புள்ளைக்கு அந்த 5,000 அரிசிக்கா, அடுக்கு கேக்குக்கா?

விழா வைக்கிற வீட்டை விடுங்க. அழைப்பு வந்த வீட்டை நினைச்சுப் பாருங்க. கையில பரிசு இல்லாம எப்படி அனுப்புறதுன்னு, "வயித்து வலின்னு சொல்லிடு"ன்னு புள்ளைய வீட்டுலயே நிறுத்தி வைக்கிற அம்மாக்கள் இருக்காங்க. தெருக்கோடியில பாட்டுச் சத்தம் கேக்கும். உள்ள ஒரு புள்ள அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். யாரோட சந்தோஷத்துக்குய்யா இந்த விழா?

அதுக்காக சட்டம் போடச் சொல்லல. தஜிகிஸ்தான்ல 2007ல போட்டாங்க. பிறந்தநாளை வீட்டுக்குள்ள, குடும்பத்தோட மட்டும்தான் கொண்டாடணுமாம். 2015ல நண்பர்களோட வெளிய கேக் வெட்டின ஒரு இளைஞருக்கு அபராதமே விழுந்துச்சு. அந்தக் கூத்து நமக்கு வேணாம். நமக்கு ஒரே ஒரு விதி போதும்: தெருவுலயே வசதி கம்மியான வீடு எதுவோ, அந்த வீட்டால அடுத்த மாசம் இதே மாதிரி செய்ய முடியணும். அந்த அளவோட நிறுத்திக்கோங்க.

எப்படின்னா, இருபது புள்ளைங்களுக்குக் கணக்கு இதோ:

சாயங்காலம் நாலரைல இருந்து ஆறரை வரைக்கும், ரெண்டே மணி நேரம். சாப்பாட்டு நேரம் இல்லாததால பிரியாணிச் செலவு மிச்சம். இடம் வீட்டு வாசல்.

ஒரு கிலோ கொண்டக்கடலை ஊறவெச்சா இருபது பேருக்குத் தாராளமா சுண்டல். அரை கிலோ ரவையில கேசரி. அரை கிலோ கேக் ஒண்ணு, ஆளுக்கு ஒரு வாய்.

கிளித்தட்டு, பாண்டி, கண்ணாமூச்சி. மழைன்னா உள்ள உக்காந்து தாயம், பல்லாங்குழி.

பரிசு வேணாம்னு கூப்பிடும்போதே வாய்விட்டுச் சொல்லணும். "எதுக்குங்க அதெல்லாம்"னு இழுத்தா கண்டிப்பா வாங்கிட்டு வந்துடுவாங்க. ரிட்டர்ன் கிஃப்ட்டும் கட்.

அலங்காரம்? காகிதத் தோரணத்தைப் புள்ளைங்களே வெட்டட்டும். பலூன் பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், 100 மைக்ரானுக்குக் கம்மியான பிவிசி பேனர் எல்லாத்துக்கும் 2022 ஜூலை 1ல இருந்து நாடு முழுக்கத் தடை இருக்கு.

"என் காசு, என் புள்ள, உனக்கென்ன?" நியாயமான கேள்வி. மிச்சமாகிற காசும் உங்க புள்ளைக்குத்தான். பொண்ணா இருந்தா, 2015ல வந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கை போஸ்ட் ஆபீஸ்ல 250 ரூபாய்ல தொடங்கலாம். ஃப்ளெக்ஸ் செலவை அங்க போடுங்க.

டிஸ்கி: "எங்க வீட்டுல மாமியார் ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொல்றவங்க, சுண்டலைத் தாளிக்கிற பொறுப்பை அவங்ககிட்டயே கொடுத்துப் பாருங்க :-)