டேப்பட் கவருக்கு எது பூசினால் நிற்கும்? எண்ணூர் உப்புக் காற்று வைக்கும் பரீட்சை!

"சார், இன்ஜினைப் பிரிச்சாச்சு. அப்படியே டேப்பட் கவரையும் குரோம் பண்ணிடலாமா? கண்ணாடி மாதிரி மின்னும்!"

பழைய காரை ஆசை ஆசையாகப் புதுப்பிக்கும் யாரும் ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் தப்ப முடியாது. 'சரிண்ணே, பண்ணிடுங்க' என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால், வண்டி நிற்கப்போவது ராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ என்றால், பதில் சொல்வதற்கு முன்பு ஒருமுறை வீட்டு மொட்டைமாடிக்குப் போய் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பெயின்ட் அடித்த கம்பி எந்த இடத்தில் கொப்பளித்து, எந்த இடத்தில் துரு எட்டிப் பார்க்கிறதோ, அதுதான் நாளைக்கு பானெட்டுக்குள்ளும் நடக்கப்போகிறது.

மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்பதும், கார் கம்பெனியின் கையேட்டில் வால்வ் கவர், ராக்கர் கவர், ஹெட் கவர் என்று இருப்பதும் ஒன்றுதான். இன்ஜினின் தலையில் இருக்கும் மூடி. கீழே வால்வுகளும் அவற்றை அசைக்கும் பாகங்களும் ஆயிலில் நனைந்தபடி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஆயில் வெளியே தெறிக்காமலும், வெளித்தூசு உள்ளே போகாமலும் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. பானெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் படுவது இதுதான் என்பதால், அழகு பார்க்கும் ஆசையும் இதன் மேல்தான் விழுகிறது. 1950-களில் ஃபெராரியின் பந்தய கார் ஒன்றுக்கு 'டெஸ்டா ரோஸா', அதாவது 'சிவப்புத் தலை' என்று பெயர் வந்ததே, இந்த மூடிக்கு அடித்த சிவப்பு பெயின்ட்டால்தான்!

எண்ணூருக்கும் இந்த மூடிக்கும் உறவு பழசு. அசோக் லேலண்ட் என்றால் நமக்கு பஸ்ஸும் லாரியும்தான் ஞாபகம் வரும். ஆனால், 1948-ல் 'அசோக் மோட்டார்ஸ்' என்ற பெயரில் அந்த நிறுவனம் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட வேலை, இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களை இங்கே பூட்டி விற்பது. 1949-லிருந்து ஆஸ்டின் ஏ40 கார்கள் எண்ணூரில் உருவாயின. பிறகுதான் லேலண்ட் வந்தது, பெயரும் மாறியது. நம்ம ஊர் அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் அதே ஆஸ்டின் வம்சம்தான். அதன் டேப்பட் கவர், அச்சில் அழுத்திச் செய்த இரும்புத் தகடு. இன்றைக்கு வரும் கார்களில் அலுமினியம் வார்ப்பு அல்லது பிளாஸ்டிக். உங்கள் காரில் இருப்பது இந்த மூன்றில் எது என்பதுதான் முதல் கேள்வி. கலர் எல்லாம் கடைசி. சந்தேகமாக இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

பிளாஸ்டிக் கவர் என்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அப்படியே மாட்டிவிடுங்கள். அதைச் சூடாக்கும் எந்த வேலையும் வேண்டாம்.

எதிரி சூடு இல்லை, உப்பு!

'இன்ஜின் மேலே இருக்கிறதே, சைலன்சருக்கு அடிக்கிற 600 டிகிரி ஹீட் பெயின்ட்தானே சரி?' என்று பலரும் நினைக்கிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஓடும் இன்ஜினின் ஆயிலே பொதுவாக 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். மூடியும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருக்கும். சைலன்சருக்கான சிலிக்கான் பெயின்ட்டுகளில் பல, 200 டிகிரியைத் தொட்டு வெந்த பிறகே முழுதாக இறுகும். டேப்பட் கவர் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. விளைவு, பெயின்ட் கடைசிவரை அரைவேக்காடு. ஒருநாள் பெட்ரோல் பட்ட துணியால் துடைக்கும்போது கலர் துணியோடு வந்துவிடும்.

உண்மையான எதிரி காற்றில் இருக்கிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்க்காத வீடு உண்டா? காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் பல இரவுகள் அதற்கு மேல்தான். ஆக, பானெட் இடுக்கு வழியாக உள்ளே வந்து படிந்த உப்பு, ஒவ்வொரு ராத்திரியும் உப்புத் தண்ணீராக மாறி உலோகத்தை நனைக்கிறது. தினமும் ஓடுகிற வண்டியில் இன்ஜின் சூட்டில் அது காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற செல்ல வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம்!

அதோடு தூசு. ராயபுரத்தில் ஒரு காலத்தில் கொடியில் காயும் வெள்ளை வேட்டி கறுத்துப்போகும். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2011-ல் சென்னைத் துறைமுகம் நிலக்கரி கையாள்வதை நிறுத்தியது. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. அனல் மின் நிலையங்களின் சாம்பலும் அந்தப் பக்கம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதையும் இந்தப் பகுதி மறக்காது.

இரும்புக் கட்டுமானங்களுக்குப் பெயின்ட் தேர்ந்தெடுக்க ஐ.எஸ்.ஓ 12944 என்றொரு சர்வதேசத் தரநிலை உண்டு. காற்று எவ்வளவு அரிக்கும் என்பதை சி1-ல் தொடங்கி வகை பிரிக்கிறது. ஈரமும் கடுமையான காற்றும் கொண்ட தொழிற்பகுதி, உப்பு மிகுந்த கடலோரம் இரண்டுமே சி5-ல் வருகின்றன. இரண்டில் ஒன்று இருந்தாலே சி5. வடசென்னையின் வாசலில் இரண்டும் நிற்கின்றன.

குரோம், பாலிஷ், பவுடர்... எது தேறும்?

குரோமை முதலிலேயே கழித்துவிடலாம். பளபளக்கும் குரோம் அடுக்கு மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் அதில் இருக்கும். இரும்பை உண்மையில் காப்பாற்றுவது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். அந்த நிக்கலில் கஞ்சத்தனம் செய்திருந்தால், உப்பு உள்ளே புகுந்து அடியிலிருந்து துருவைக் கிளப்பும். பிறகு முலாம் செதில் செதிலாக உரியும். அதைச் சின்னதாகப் பழுது பார்க்கவும் வழியில்லை.

பாலிஷ் செய்த வெறும் அலுமினியம்? இதற்கு பதில் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, அங்கே தயாரித்த புல்லட்டின் ராக்கர் கவர்கள் பாலிஷ் செய்த அலுமினியம்தான். பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பிராஸோ டப்பாவும் துணியுமாக உட்கார்ந்த கதையைச் சொல்வார்கள். அலுமினியம் தன்மேல் தானே ஒரு ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், துருப்பிடித்து உதிராது. ஆனால், உப்பு அந்தப் படலத்தைத் துளைத்து, வெள்ளைப் பொடியும் சின்னச் சின்னக் குழிகளுமாக ஆக்கிவிடும். உழைக்கத் தயார் என்றால் தாராளமாக பாலிஷ் செய்யலாம். அனோடைசிங் எனப்படும் மின்பூச்சு முறை, சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு அலுமினியத்தில் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறத்தில்தான் வரும், ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சுருக்கம் சுருக்கமாகக் காயும் 'ரிங்கிள்' பெயின்ட், வார்ப்பின் குறைகளை மறைக்கும், அழகும்கூட. ஆனால், ஒவ்வொரு சுருக்கத்திலும் சாம்பலும் ஆயிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணூரில் அதைச் சுத்தமாக வைத்திருக்க பல் துலக்கும் பிரஷ்தான் வேண்டும்.

மிச்சம் இரண்டு பேர்: பவுடர் கோட்டிங், 2கே எபாக்ஸி பிரைமரின் மேல் 2கே பி.யு பெயின்ட்.

பவுடர் கோட்டிங்கில் பிளாஸ்டிக் பொடியை மின்னூட்டம் கொடுத்து ஒட்டவைத்து, சுமார் 180 முதல் 200 டிகிரி அவனில் வேகவைப்பார்கள். கெட்டியான, ஆயிலுக்கு அசராத பூச்சு. வார்ப்பு அலுமினியத்தில் ஒரு சிக்கல் உண்டு. வருடக்கணக்காக அதன் நுண்துளைகளில் ஊறிய ஆயில், அவன் சூட்டில் ஆவியாகி, உருகும் பவுடரைக் குமிழ் குமிழாகத் துளைத்துவிடும். அதனால், பவுடர் போடுவதற்கு முன்பு வெறும் கவரை ஒருமுறை அவனில் வைத்து ஆயிலைக் கக்கவிட வேண்டும். கடைக்காரரிடம் 'முதல்ல சும்மா ஒரு தடவை பேக் பண்ணுவீங்களா?' என்று கேளுங்கள். 'எதுக்கு சார்?' என்று பதில் வந்தால், வேறு கடை பாருங்கள்.

இரும்புத் தகடு என்றால் பவுடருக்கு அடியில் பிரைமர் கட்டாயம். இல்லாவிட்டால், ஸ்பேனர் நழுவி ஒரு கீறல் விழுந்தாலே போதும். உப்புத் தண்ணீர் படலத்துக்கு அடியில் ஊர்ந்து, ஒருநாள் தோலுரித்தது போல மொத்தமாக வந்துவிடும். டச்சப் செய்யவும் முடியாது.

அதனால்தான் பழைய அம்பாசடர் மாதிரி இரும்பு மூடிக்கு, வடசென்னையில் 2கே எபாக்ஸி பிரைமரும் பி.யு பெயின்ட்டுமே நல்ல தேர்வு. ஹார்டனர் கலந்து அடிப்பதால் சூடே இல்லாமல் இறுகும். பெட்ரோல், ஆயில், இரண்டையும் தாங்கும். பிரேக் ஆயிலை மட்டும் எந்தப் பெயின்ட்டின் மேலும் விட்டுவைக்காதீர்கள். சிந்தினால் உடனே கழுவுங்கள். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பூசிவிடலாம். வார்ப்பு அலுமினியத்துக்கு, ஒழுங்காக பேக் செய்யும் கடை கிடைத்தால் பவுடர். கிடைக்காவிட்டால் அதற்கும் 2கேதான்.

ஒரு விஷயம் முக்கியம். 2கே பி.யு பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவியும் பனிபோன்ற தெறிப்பும் தொடர்ந்து மூச்சில் போனால், ஆயுளுக்கும் ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். வீட்டு மாடியிலும் குழந்தைகள் விளையாடும் சந்திலும் இதை ஸ்ப்ரே செய்யவே கூடாது. பெயின்டர் முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தால், காசு மிச்சம் என்று சந்தோஷப்படாமல், சரியான மாஸ்க்கும் காற்றோட்டமும் உள்ள கடைக்குப் போங்கள்.

கழுவுகிற தண்ணீரைக் கவனியுங்கள்

எந்தப் பூச்சாக இருந்தாலும், பாதி ஆயுள் அடியில் இருக்கும் சுத்தத்தைப் பொறுத்தது. ஒர்க்‌ஷாப்களில் பாகங்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவார்கள். அது அழுக்கை எடுக்கும். ஆனால், எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும். அதற்கு மேல் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறப்போடுவது இரும்புக்கு மட்டும்தான். அலுமினியத்தைப் போட்டால் காஸ்டிக் அதைக் கரைத்துத் தின்றுவிடும்.

கடைசி அலசலில்தான் வடசென்னைக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல காலமாக ஆய்வாளர்கள் எழுதிவரும் விஷயம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீட்டில், அதே தண்ணீரில் கவரை அலசிக் காயவைத்து பிரைமர் அடித்தால், எதிரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு, பெயின்ட் வழியாகவே ஈரத்தை இழுத்துக் கொப்பளிக்க வைக்கும். கடைசி அலசலுக்கு மெட்ரோ வாட்டர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஒரு லிட்டர் கேன் போதும். காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். தேய்த்த இரும்பை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால், காலையில் ஆரஞ்சு நிறப் பூச்சு இலவசமாகக் கிடைக்கும்.

பழைய பெயின்ட்டை எடுக்க சாண்ட் பிளாஸ்டிங் செய்வதில் வேறொரு ஆபத்து. பல கவர்களின் உள்பக்கம் ஆயில் தெறிப்பைத் தடுக்க ஒரு தகடு இருக்கும். அதன் பின்னால் மணல் துகள் சிக்கிக்கொண்டால், மாட்டிய பிறகு சூட்டிலும் அதிர்விலும் உதிர்ந்து ஆயிலில் கலக்கும். ஆயில் போகிற இடமெல்லாம் மணலும் போகும். பேரிங்குகள் சிராய்த்துப் போய், மூடியை அழகுபடுத்தப் போனவர் மொத்த இன்ஜினுக்கும் செலவழித்த கதையாகிவிடும். அந்தத் தகடைக் கழற்ற முடியாத கவர் என்றால், பிளாஸ்டிங்கே வேண்டாம். பெயின்ட் ரிமூவரும் உப்புத்தாளும் போதும்.

பேக்கிங் உட்காரும் விளிம்பிலும், போல்ட் தலை அழுத்தும் இடத்திலும் எதையும் பூசக் கூடாது. டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். கெட்டியான பூச்சு போல்ட்டுக்கு அடியில் நாளாக நாளாக நசுங்கி, பிடி தளரும். ஆயில் கசியும். கசிந்த ஆயில் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் முதலில் புகை, நேரம் சரியில்லை என்றால் தீ.

கலர்? கறுப்பு கம்பீரம்தான், சிவப்பு ஸ்டைல்தான். ஆனால், பழைய இன்ஜினுக்கு வெளிர் சாம்பல் அல்லது சில்வர் நல்லது. ஆயில் எங்கே கசியத் தொடங்குகிறது என்பது அதில்தான் முதல் நாளே தெரியும்.

பெயின்டர் உண்மையிலேயே 2கே அடித்தாரா என்ற சந்தேகம் வந்தால், அதற்கும் வழி இருக்கிறது. கவரோடு சேர்த்து ஒரு துண்டு தகட்டுக்கும் அதே பூச்சைப் பூசச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் அந்தத் தகட்டை அழுத்தித் தேயுங்கள். கலர் துணியில் தாராளமாக வந்தால், அது சாதாரண பெயின்ட். வராவிட்டால், பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, மொட்டைமாடிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு மழைக்காலம் விட்டுவையுங்கள். கீறலிலிருந்து துரு எவ்வளவு தூரம் அடியில் ஊர்கிறது என்பது, அடுத்த பொங்கலுக்குள் தெரிந்துவிடும்.