விலைக்குறைப்பு சீரமைப்பு அன்று

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் நெடுங்காலம் எடுப்பாரற்றுக் கிடந்தது ஏயூஜி துப்பாக்கி. 2018 அக்டோபரில் வால்வ் நிறுவனம் ஆட்டத்தில் அதன் விலையை 3300 டாலரிலிருந்து 3150 ஆகக் குறைத்தது. சில மாதங்களில் தேர்ந்த ஆட்டக்காரர் பலரும் அதையே ஏந்தினர். 2019இல் விலை மீண்டும் 3300 ஆயிற்று.

பயன்பாடு பெருகியதே வெற்றி என்போர்க்கு என் மறுப்பு இது: குறிநோக்கியின் வழியே பின்னுதைப்பைத் தானே தணித்துத் தரும் கருவியை மலிவாக்குவது பயிற்சிக்கு அன்று, சோம்பலுக்கே பரிசு. ஏகே-47இன் பின்னுதைப்பு கடிது; அதைக் கற்ற கைக்கோ, தலைக்கவசம் அணிந்தவரையும் ஒரே தோட்டாவில் வீழ்த்தும் ஆற்றல் வாய்க்கிறது.

வழக்கொழிந்த சொல்லையும் திணித்துப் பரப்பலாம். அதனால் மட்டுமே சொல்லத்தக்க பொருள் இல்லையேல் அது நிலைக்காது. புறக்கணிக்கப்பட்ட ஆயுதத்துக்கு வேண்டுவது தள்ளுபடி அன்று. கற்றவர்க்கே கைகூடும் தனிப்பயன்.