கேமர்கள் வளர்த்த கிராபிக்ஸ் கார்டு... ஏ.ஐ வந்ததும் கேமர்களுக்கே கடைசி இடமா?

வடகரையில் ஒரு கல்லூரித் தம்பி கேமிங் பி.சி அசெம்பிள் பண்ணக் காசு சேர்க்கிறார்னு வெச்சுக்கோங்க. மாசாமாசம் சேமிப்பு கூடுது. ஆனா, 2025 கடைசியில இருந்து ரேம் விலை அதைவிட வேகமா ஏறுது. கேம் விளையாடுறவங்க திடீர்னு அதிகமாயிட்டாங்களா? இல்லை. இது ஏ.ஐ பார்த்த வேலை!

சீசன் நேரத்துல குற்றாலம் ஐந்தருவிக்குப் போயிருக்கீங்களா? தண்ணி நல்லா கொட்டும். ஆனா, பஸ் பஸ்ஸா வெளியூர்க்காரங்க வந்து இறங்கினா, துண்டோடு நிக்கிற உள்ளூர்க்காரர் வரிசையில கடைசிதான். கிராபிக்ஸ் கார்டு சந்தையிலும் அதே கதைதான்.

1993-ல் தொடங்கப்பட்ட என்விடியா, கேம் கிராபிக்ஸை நம்பி வளர்ந்த நிறுவனம். 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் கேமிங் வருமானம் சுமார் 1,246 கோடி டாலர். டேட்டா சென்டர் வருமானம் அதைவிடக் குறைவு, சுமார் 1,061 கோடி. மூன்றே வருடத்தில் எல்லாம் தலைகீழ்! 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் டேட்டா சென்டர் 11,500 கோடி டாலரைத் தாண்டியது. கேமிங்கோ சுமார் 1,135 கோடியில் நின்றுவிட்டது. கடைக்காரர் யாரை முதலில் கவனிப்பார்?

அடுத்த அடி மெமரியில். உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என மூன்றே நிறுவனங்கள். ஏ.ஐ சர்வர்களுக்குத் தேவையான எச்.பி.எம் என்ற மெமரியையும் இவர்கள்தான் செய்கிறார்கள். அதே கொள்ளளவுக்குச் சாதாரண டி.டி.ஆர் 5 ரேமைவிட எச்.பி.எம் சுமார் மூன்று மடங்கு சிலிக்கானை விழுங்கும். லாபமும் அதில்தான் அதிகமாக இருந்தது. 2025 டிசம்பரில், கேமர்களுக்குப் பழக்கமான 'குருஷியல்' பிராண்டையே நிறுத்துவதாக மைக்ரான் அறிவித்துவிட்டது.

'நான் போன்லதானே ஆடுறேன்' என்கிறீர்களா? போனுக்கான ரேமும் அதே ஆலைகளில் இருந்துதான் வருகிறது பாஸ்!

சரி, கேமிங் கார்டுகளே இல்லாமல் போய்விடுமா? போகாது. ஆனால், பட்ஜெட் கார்டுகள்தான் முதலில் அடிவாங்கும். 2021-ல் வந்த ஆர்.டி.எக்ஸ் 3060-ல் 12 ஜி.பி மெமரி. 2025-ல் வந்த 5060-ல் 8 ஜி.பி-தான். இத்தனைக்கும் இது ரேம் விலை எகிறுவதற்கு முந்தைய கதை. குறையைச் சமாளிக்க, ஏ.ஐ மூலமே ஃபிரேம்களை உருவாக்கும் டி.எல்.எஸ்.எஸ் தருகிறார்கள். அது உதவும்தான். ஆனால், பற்றாத மெமரியை அது முழுதாக ஈடுகட்டாது.

'கேம்தானே, போகட்டும்' என்று விட முடியாது. இன்றைய ஏ.ஐ அலைக்குப் பிள்ளையார்சுழி போட்ட 'அலெக்ஸ்நெட்', 2012-ல் டொரன்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியின் வீட்டு அறையில், இரண்டே இரண்டு ஜி.டி.எக்ஸ் 580 கேமிங் கார்டுகளில் பயிற்சி பெற்றது. மாணவர் கைக்கு எட்டிய கார்டு, உலகத்தையே மாற்றியது!

நம்ம தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, 2025 ஜூலையில் 'ஜியா' என்ற சொந்த மொழி மாடலை அறிமுகம் செய்தது. அதுவும் என்விடியா தொழில்நுட்பத்தில்தான் பயிற்சி பெற்றது. அங்கே வேலைக்குப் போக ஆசைப்படும் வடகரைத் தம்பிக்கு, கேமும் ஆடி ஏ.ஐ-யும் பழக ஒரு பட்ஜெட் கார்டுதானே முதல் படி? அந்தப் படிதான் இப்போது உயர்ந்துகொண்டே போகிறது.

புதிய மெமரி ஆலை கட்டி உற்பத்தி தொடங்க வருடக்கணக்கில் ஆகும். அதுவரை 1080பி-யில் ஆடத் திட்டமிடுங்கள். கார்டு வாங்கும்போது பெயரைவிட மெமரி அளவைப் பாருங்கள். பழைய கார்டு என்றால், கண்முன்னே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கைவசம் இருக்கும் பழைய ரேமை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்... இப்போ அதுக்கும் மவுசு ஜாஸ்தி!