அடியும் வலியும்: தொலைக்காட்சி உடல்சார் நகைச்சுவையின் உள்ளுலக ஒருமை

முன்னுரை

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிய உரையாடல்களில் இரண்டு கருத்துகள் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. விழுதல், அடிபடுதல், துரத்துதல் ஆகியவற்றால் அமையும் உடல்சார் நகைச்சுவைக்குப் பொருத்தப்பாடு வேண்டியதில்லை, சிரிப்பு எழுந்தால் போதும் என்பது ஒன்று. நேற்று நிகழ்ந்ததை இன்று மறந்துவிடும் தொடர் கலையாகாது, ஆதலால் ஆய்வுக்கும் உரியதாகாது என்பது மற்றொன்று. இரண்டு கருத்துகளும் ஒரே பிழையிலிருந்து பிறக்கின்றன. படைப்பின் உள்ளுலக ஒருமை என்பதை இரண்டுமே தகவல்களின் ஒருமை என்று மட்டும் பொருள்கொள்கின்றன.

உடல்சார் நகைச்சுவைத் தொடருக்குத் தகவல் ஒருமை கட்டாயமில்லை. விளைவு ஒருமை இன்றியமையாதது. அடி யார்மீது விழுந்தாலும் வலியின் விதி ஒன்றாகவே இருத்தல் அவ்வொருமையின் உரைகல்லாகும். இதற்கான அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. நெல் விளையும் மண்ணிலிருந்து எழுந்த பள்ளு இலக்கியமே அதனைத் தருகிறது.

தகவல் ஒருமையும் விளைவு ஒருமையும்

இவ்வகை நகைச்சுவைக்கு வழங்கும் 'ஸ்லாப்ஸ்டிக்' என்னும் பெயர் ஒரு மேடைக் கருவியைக் குறித்தது. இத்தாலியக் 'காமெடியா தெல்லார்த்தே' நாடகங்களில், இரு மரப்பட்டைகளை இணைத்துச் செய்த கோலால் நடிகர்கள் ஒருவரை ஒருவர் அடித்தனர். அக்கோல் பேரோசை எழுப்பும். நோவு மிகக் குறைவாகவே தரும். ஓசை உண்டு, நோவு இல்லை என்பதே அவ்வுலகின் முதல் விதி. அவ்விதியை அறிந்திருப்பதனால்தான் அவையோர் அடியைக் கண்டு அஞ்சாது சிரிக்கின்றனர்.

தகவல் ஒருமை இல்லாமலும் சிரிப்பு நிலைபெறும் என்பதற்குத் தமிழ்த் தொலைக்காட்சியிலேயே சான்று உண்டு. 'ஆதித்யா', 'சிரிப்பொலி' போன்ற அலைவரிசைகள் திரைப்படங்களின் நகைச்சுவைப் பகுதிகளைத் தனியே பிரித்து ஒளிபரப்பின. முன்கதையும் பின்கதையும் அறியாதவரும் அவற்றைக் கண்டு சிரித்தனர். 1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சி இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டு பழங்களுக்குப் பணம் கொடுத்தனுப்பிய கவுண்டமணியின் கைக்கு ஒரு பழமே வந்து சேர்கிறது. மற்றொன்று எங்கே என்ற வினாவுக்குச் செந்தில் சொல்லும் விடை, கையில் இருக்கும் பழத்தையே சுட்டுகிறது. காட்சி முழுவதும் எண்கணக்கு ஒரு சிறிதும் பிறழவில்லை. கணக்கு பிறழாததனால்தான் விடை தருக்கப்படி சரியாகவும் வாழ்க்கைப்படி பிழையாகவும் நின்று நகை விளைக்கிறது. இடையில் பழங்களின் எண்ணிக்கை மாறியிருந்தால் எத்தனை உதை விழுந்தாலும் சிரிப்பு எழாது. மேலும், அக்காட்சியில் அடிக்கும் கை உடையவர் வாதத்தில் வெல்லவில்லை என்பதும் கருதத்தக்கது.

எழுத்திலும் இதுவே நிலை. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' நடக்கவியலாத ஒரே ஒரு கருதுகோளை முன்வைக்கிறது. அதனை ஏற்றபின் அப்பளம் இடும் பாட்டிமார் முதல் சம்பந்திச் சண்டை வரை ஒவ்வொன்றும் தமிழ்க் கல்யாண ஒழுங்கின்படியே நடைபெறுகிறது. மிகை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு கண்டிப்பாக விதி பின்பற்றப்படுகிறது.

பள்ளு காட்டும் அளவுகோல்

தொலைக்காட்சிச் சூழல் நகைச்சுவைத் தொடரின் அமைப்பு, நிலையான பாத்திரங்கள் நிலையான ஒரு சூழலில் மீண்டும் மீண்டும் பூசலிடுவதாகும். இவ்வமைப்பு தமிழுக்குப் புதிதன்று. பண்ணைக்காரன், பண்ணையாளாகிய பள்ளன், அவன் மனைவியராகிய மூத்த பள்ளி, இளைய பள்ளி என்னும் நால்வரைக் கொண்டே பள்ளு நூல்கள் இயங்குகின்றன. காவிரிப் படுகையில் கமலை ஞானப்பிரகாசர் பெயரால் வழங்கும் திருவாரூர்ப் பள்ளு, பொருநைக் கரையின் முக்கூடற் பள்ளு என ஊரும் தெய்வமும் மாறும். பாத்திரங்களும் பூசலும் மாறா. ஒரு பள்ளில் நடந்தது மற்றொரு பள்ளில் நினைக்கப்படுவதில்லை. இங்கும் நூல்களுக்கிடையே தகவல் ஒருமை இல்லை.

ஆயின் ஒரு நூலுக்குள் விளைவு ஒருமை உறுதியாக உள்ளது. மூத்த பள்ளி முறையிடுகிறாள்; பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிறான்; பள்ளன் புலம்புகிறான்; மூத்தவள் மனமிரங்கி வேண்டியபின் விடுதலை கிட்டுகிறது. உழும்போது காளை பாய்கிறது. பள்ளன் மயங்கி வீழ்ந்து, தெளிந்து, பின்னரே விதைக்கிறான். மழை, வெள்ளம், நாற்று, அறுவடை என்னும் வேளாண் காலநிரல் இந்நிகழ்ச்சிகளைப் பிணிக்கிறது. நகைக்கு உரியவன் என்பதனால் பள்ளனின் வலி மறைக்கப்படுவதில்லை. பண்ணைக்காரனும் நகைப்பிலிருந்து தப்புவதில்லை. அவனது கோணலான தோற்றம் எள்ளலோடு வருணிக்கப்படுகிறது.

பள்ளு குற்றமற்ற இலக்கியம் என்பது இதன் பொருளன்று. உழைப்போரை மேலிருந்து நோக்கிய புலவர்களின் பார்வை அதில் உண்டு. பண்ணைக்காரனுக்குக் கிடைப்பது எள்ளல். பள்ளனுக்குக் கிடைப்பது தொழு. இந்த ஏற்றத்தாழ்வை மறுக்க இயலாது. எனினும் தொழுவில் மாட்டப்பட்ட உடலுக்கு வலிக்கும் என்பதைப் பள்ளு மறக்கவில்லை.

வலியின் இரட்டை விதி

இன்றைய தொடர்கள் பலவற்றில் மறக்கப்படுவது இதுவே. முதலாளி வீட்டுப் பணியாளை உதைக்கிறார். பணியாள் சுவரில் மோதி விழுகிறார். அடுத்த நொடியில் தேநீர்த் தட்டோடு திரும்புகிறார். இவ்வளவில் மரப்பட்டைக் கோலின் விதி காக்கப்படுகிறது. ஆனால் அதே தொடரில் முதலாளியின் விரலில் சிறு காயம் ஏற்பட்டால் இசை மாறுகிறது, மருத்துவர் வருகிறார், குடும்பம் கலங்குகிறது. ஓர் உலகில் இரண்டு விதிகள் இயங்குகின்றன: ஓர் உடலுக்கு வலி உண்டு, மற்றோர் உடலுக்கு இல்லை. பருத்தவர், கருத்தவர், குள்ளமானவர் ஆகியோரும் பெரும்பாலும் வலியற்ற உடலின் பக்கமே நிறுத்தப்படுகின்றனர்.

காவிரிப் படுகையில் இது வெறும் அழகியல் குறையாக நின்றுவிடுவதில்லை. இம்மண்ணின் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் மெய்யான தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் தலைமையில் தஞ்சைத் தரணியில் எழுந்த விவசாயத் தொழிலாளர் இயக்கம் அவற்றை எதிர்த்துப் போராடியது. ஏவலாளின் உடலுக்கும் வலி உண்டு என்பதே அப்போராட்டத்தின் அடிப்படை. அதனைத் தொலைக்காட்சி உலகம் சிரிப்போடு சிரிப்பாக மறுக்கும்போது, விதியின் பிறழ்ச்சி அறத்தின் பிறழ்ச்சியாகிறது.

தொல்காப்பியம் நகையின் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறும். எள்ளலை விளக்கும் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலையும் பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலையும் அதனுள் அடக்குகிறார். இரு திசையிலும் செல்வதே எள்ளல் என்னும் இவ்விளக்கம் மேற்கூறிய இரட்டை விதிக்கு நேர் எதிரானது.

ஒரு மறுப்பு

விதியை உடைப்பதே சிரிப்பின் இயல்பு. திரைப்படங்களைப் பகடி செய்த 'லொள்ளு சபா' போன்ற நிகழ்ச்சிகள் எவ்விதிக்கும் கட்டுப்பட்டனவோ என்று வினவலாம். பகடி உடைப்பது மூலப்படத்தின் விதியை. நாயகன் முதல் அடியாள் வரை எவரையும் விடாமல் எள்ளுதல் என்னும் தன் விதியை அது உடைப்பதில்லை. மெலட்டூர் பாகவத மேளாவிலும் கோணங்கி முதலில் தோன்றி ஆடிச் சென்றபின்னரே கதையுலகம் தொடங்குகிறது. குறும்புக்கு ஓர் இடம் வகுத்துத் தருவதும் உள்ளுலக ஒருமையைப் பேணும் வழியே.

முடிவுரை

ஆகவே, இத்தொடர்களை ஆராய்வோர் நாற்காலி இடம் மாறியதா, சென்ற வாரக் கதை மறக்கப்பட்டதா என்று கணக்கிடுவதில் பயன் குறைவு. அடி விழுந்தபின் என்ன நிகழ்கிறது, அது எல்லார்க்கும் ஒன்றுபோல் நிகழ்கிறதா, அடிப்பவர் எப்போதேனும் சிரிப்புக்கு ஆளாகிறாரா என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். பள்ளையும் குறவஞ்சியையும் நொண்டி நாடகத்தையும் பாடமாகக் கற்பிக்கும் தமிழ்த்துறைகளுக்கு இவ்வினாக்களுக்குரிய பயிற்சி முன்னரே உண்டு. அப்பயிற்சியைத் தொலைக்காட்சியின்மீது செலுத்தத் தயங்குவதற்குக் காரணம் ஏதுமில்லை. மாலைதோறும் வீட்டுக் கூடத்தில் சிறுவர்கள் யாருடைய வலியைக் கண்டு சிரிக்கப் பழகுகின்றனர் என்பது தமிழாய்வு கேட்கவேண்டிய கேள்வியே ஆகும்.